மொய் நோட்டும் பன்னிரண்டு கோடி ஆண்டும்

எங்கள் இரண்டு மாவட்டங்களின் கதையை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், ஏதோ குடும்ப நீதிமன்ற வழக்கைச் சொல்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். 1995 நவம்பரில் திருச்சி மாவட்டத்தைப் பாகம் பிரித்தபோது பெரம்பலூர் தனிக்குடித்தனம் வந்தது. அரியலூரும் கூடவே வந்து அதே வீட்டில் இருந்தது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. அடுத்த ஆண்டு மார்ச் 31-ல் பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைத்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடி பிரிவு. இப்போது இரு தரப்பும் அவரவர் கலெக்டரோடு சௌக்கியம்.

என் மாமனாருக்கு ஜெயங்கொண்டம் பக்கம் ஊர். மனிதர் வீட்டுத் திண்ணையை விட்டு நகர்ந்ததே இல்லை. ஆனாலும் திருச்சி, பெரம்பலூர், அரியலூர், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர் என்று உட்கார்ந்த இடத்திலேயே நான்கு முறை மாவட்டம் மாறிவிட்டார். மகளைப் பெரம்பலூரில் கொடுத்தது அவர் கணக்கில் பக்கத்துத் தெருவில் கொடுத்த மாதிரி. ஏனென்றால் எங்கள் கல்யாணம் நடந்தது அந்த இரண்டாவது சேர்க்கைக்கும் இரண்டாவது பிரிவுக்கும் நடுவே. பத்திரிகையில் இரு வீட்டார் முகவரிக்குக் கீழும் ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்றே அச்சாகியிருக்கும். என் மனைவிக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.

“எங்க ஊரு விவரமா கொஞ்ச வருசம் இருந்து பார்த்துட்டுக் கிளம்பிடுச்சு. எனக்குத்தான் அந்த அரசாணை பொருந்தலை” என்பாள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வாலிபத்தில் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்காகப் பொது அறிவுப் புத்தகங்களை உருப்போட்டவன். பரீட்சை என்னை விட்டுவிட்டது. பொது அறிவு விடவில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றினோம் என்று கேட்டால் விழிப்பேன். வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்த ஆண்டு 1732 என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் என்னிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் சங்கடம்.

இந்தச் சரக்கை இறக்கி வைக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் எழுந்து ஓட முடியாது. பாயசம் வரும்வரை அவர் என் கைதி. அரியலூரில் ஒரு வைகாசி முகூர்த்தத்தில் அப்படி ஒரு பெரியவர் மாட்டினார்.

“ஐயா, இந்த மண்டபம் எதால கட்டினது தெரியுங்களா?”

“சிமெண்டு.”

“சிமெண்டு எங்கேருந்து வருது?”

“ஆலையிலேருந்து.”

“அதுக்கு முன்னாடி?”

“லாரியில.”

நான் விடவில்லை. அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கெல்லாம் கடல், அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் செத்து அடுக்கடுக்காகப் படிந்த கல்லைத்தான் வெட்டி அரைத்துச் சுட்டு மூட்டை கட்டுகிறார்கள், ஆக இப்போது நாம் சாப்பிட்டுக்கொண்டிருப்பது சிப்பிகள் கட்டிய வீட்டில் என்று ஒரே மூச்சில் விளக்கினேன். பெரியவர் சாம்பார் சாதத்தை ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, “அதான் உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றார்.

சரி, கடல் எடுபடவில்லை, மரத்தை எடுத்தேன். “நம்ம சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கு. 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன்னு ஒரு புவியியல் அறிஞர் கண்டுபிடிச்சார். அதோட மதிப்பே… அதாவது வயசு, 12 கோடி…” வருஷம் என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் பெரியவரின் கை அப்பளத்தின் மேல் நின்றுவிட்டது. முதல் தடவையாக முகத்தைத் திருப்பி என்னை மரியாதையோடு பார்த்தார்.

“12 கோடியா? பட்டா யாரு பேருல இருக்கு?”

வருஷம் என்று தெரிந்ததும் அந்த மரியாதை போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. ரசம் வருவதற்குள் எனக்கு முதுகைக் காட்டி, அந்தப் பக்கத்து இலைக்காரரிடம் மருமகன் வேலையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அன்று தண்ணீர்க் குப்பி ஒன்று வாங்கி வாருங்கள் என்று மனைவி அனுப்பியதும் நினைவிருக்கிறது. கங்கை வரை படை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் செய்த ராஜேந்திர சோழனின் தலைநகரம் இருக்கும் அதே மாவட்டத்தில், சமையல்கட்டு வாசல் வரை போய் வெறுங்கையோடு திரும்பினேன். அங்கே நின்றிருந்த பையன், “மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” என்று கேட்டான். யோசித்து முடிப்பதற்குள் பெட்டி காலியாகிவிட்டது.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கத்திரி பெரும்பாலும் மே 4-ல் தொடங்கி 28 வரை நீளும். வைகாசி அதன் நடுவில்தான் பிறக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பயந்து, ஆடி, மார்கழியை ஆகாது என்று ஒதுக்கி, கடைசியில் பஞ்சாங்கமும் மண்டபமும் கூடிவருகிற நாள் கத்திரி வெயிலில்தான் அமைகிறது. அந்த வெயிலில் மாப்பிள்ளைக்கு வரவேற்பில் கோட்டு சூட்டு. குளிர் தேசத்து மனிதன் குளிருக்காகத் தைத்துக்கொண்ட உடுப்பு. கோட்டு போட்டு நின்ற ஒரு மாப்பிள்ளையின் கழுத்தில் ஒப்பனை மூன்று கோடாக வழிந்ததை மேடையருகே நின்று பார்த்தேன்; அவருடைய அத்தை முந்தானையால் ஒற்றி எடுக்க, போட்டோக்காரர் “அப்படியே இருங்க, நல்லாருக்கு” என்று அதையும் எடுத்துக்கொண்டார். எனக்கும் சிரிக்க யோக்கியதை இல்லை. ஒட்டிக்கொள்கிற பட்டு வேட்டி என்று ஒன்று வந்திருக்கிறது அல்லவா, அதில் இந்த முனைப் பட்டையும் அந்த முனைப் பட்டையும் என் வயிற்றைச் சுற்றி வந்து சந்திப்பதற்குள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூச்சு விட்டால் வேட்டியும் விட்டுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு அட்சதை போடுகிறவனை உறவினர்கள் பக்திமான் என்று நினைக்கிறார்கள்.

இனி மொய் நோட்டு. என் பொது அறிவு என் வீட்டில் தோற்றுப்போகிற இடம் அது.

எங்கள் கல்யாண மொய் நோட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். அன்றைக்கு மண்டப வாசலில் மேசை போட்டு ஒன்றுவிட்ட அண்ணன் எழுத, இன்னொருவர் பணத்தை எண்ணிப் பைக்குள் போட்டிருக்கிறார். கூட்டம் நெருக்கியதில் அண்ணனின் எழுத்து பக்கம் போகப் போகச் சுருங்கிச் சங்கேத மொழியாகிவிட்டது. ‘குன்னம் டீச்சர் வீடு – 51.’ ‘லெப்பைக்குடிகாடு பாய் – 101.’ ‘செந்துறை, சைக்கிள்காரர் தம்பி – 51.’ ‘தா.பழூர் மீசை – 21.’ இடையிடையே ‘சில்வர் தூக்கு 1’, ‘சுவர்க் கடிகாரம்’, ‘சுவர்க் கடிகாரம்’, ‘மேற்படி’, ‘மேற்படி’.

தா.பழூர் மீசை யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. அந்தப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மனைவி மீசைக்காரர்களை உற்றுப் பார்க்கிறாள். எனக்குக் கொஞ்சம் தர்மசங்கடமாக இருக்கும். அவர் நடுவில் மீசையை எடுத்துவிட்டிருந்தால் அந்த 21 ரூபாய்க் கடன் எங்கள் பேரன் காலத்திலும் தீராது.

ஒவ்வொரு பத்திரிகையும் வீட்டுக்குள் வந்தவுடன் நோட்டு வெளியே வரும். இந்தக் குடும்பம் நமக்கு என்ன செய்தது, நாம் நடுவில் அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன செய்தோம், அவர்கள் நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஏன் வரவில்லை, வராமல் யாரிடமாவது கொடுத்தனுப்பினார்களா, கொடுத்தனுப்பியவர் அப்படியே நம் கையில் சேர்த்தாரா? இத்தனையும் பார்த்த பிறகே தொகை முடிவாகும். ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர் கூடி வாக்கெடுத்து வட்டி விகிதத்தை நிர்ணயிக்கிறார்கள் என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். “ஆறு பேரா? ஒரு ஆளால முடியலையா?” என்றாள்.

குன்னம் டீச்சர் வீட்டுக் கல்யாணம் வந்தபோது, 51 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன என்று நான் பணவீக்கக் கணக்குப் போட உட்கார்ந்தேன். மனைவி பவுன் கணக்குப் போட்டாள். எங்கள் கல்யாணக் காலத்தில் பவுன் ஐயாயிரத்தைச் சுற்றி இருந்தது. இன்று அது போகிற போக்கில் அந்த ஐம்பத்தொன்று எங்கேயோ போய் நிற்கும். என் கணக்குப்படி ஒரு தொகை, பவுன்படி அதைவிடப் பெரிய தொகை. இரண்டையும் கேட்டுக்கொண்டு தீர்ப்பு வந்தது: “ஐந்நூத்தி ஒண்ணு போதும். அவங்க நாலு பேரா வந்து ரெண்டு வேளை சாப்பிட்டாங்க. நாம ரெண்டு பேரு, ஒரு வேளை.” பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு 1969-ல் இருந்து கொடுக்கிறார்கள். இப்படி ஆள் கணக்கும் வேளைக் கணக்கும் சேர்த்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு ரூபாய்! ஐந்நூறு என்று கொடுத்தால் கணக்கு அதோடு முடிந்துவிடுமாம். கூட ஒரு ரூபாய் வைத்தால் உறவு மேலே தொடருமாம். அதற்காகவே நாணயம் ஒட்டிய மொய் உறைகள் பெட்டிக்கடையில் கிடைக்கின்றன. சில்லறை இல்லாத குறைக்கு உறவு அறுந்துபோகக் கூடாதல்லவா! 2021-ல் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் குறியீட்டை அச்சடித்து ஊரெல்லாம் பேச்சானது. இப்போது எங்கள் பக்கமும் மொய் மேசையில் செல்போன் அட்டையைச் சாய்த்து வைக்கிறார்கள். கடைகளில் இருக்கும் பேசும் டப்பா ஒன்றையும் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மொய்யையும் அது நாதஸ்வரத்துக்கு மேலே குரல் எழுப்பி ஊருக்கு அறிவித்தது. முன்பு கிராமத்தில் தாய்மாமன் மொய்யை மைக்கில் படிப்பார்கள். நாகரிகம் இல்லை என்று அதை நிறுத்தினோம். நாகரிகம் முற்றியதும் டப்பா வந்து படிக்கிறது. என் முறை வந்தபோது, “ரூபாய் ஐந்நூற்று ஒன்று பெறப்பட்டது” என்று அது சொல்ல, எனக்குப் பின்னால் நின்றவர் தன் உறையைப் பிரித்து ஒரு தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊர் நிலவரம் இவ்வளவுதானா என்று தெரிந்துகொண்டதில் அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

வீட்டில் இப்படி என்றால் நண்பர்களிடமாவது மதிப்பு உண்டா என்று கேட்பீர்கள். பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் மாலையில் கூடுவோம். ஒருவர் கணக்கு வாத்தியார், ஒருவர் வெங்காய மண்டி, ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், அப்புறம் நான். தமிழின் முதல் நகைச்சுவை உரைநடை நூல்களில் ஒன்றான பரமார்த்த குரு கதையை எழுதிய வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி எங்கள் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து வந்தவருக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள் எப்படித் தோன்றினார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கொள்ளிடக் கரையில் சாயங்காலம் எங்கேயாவது டீக்கு முன்னோடியாக எதையோ குடித்துக்கொண்டு எங்கள் முப்பாட்டன்மார் உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றைக் கடந்து வந்த சீடர்கள் தலையை எண்ணும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான் அல்லவா, எங்கள் கூட்டத்தில் டீக்குக் காசு கொடுக்கும் நேரத்தில் தினமும் அது நடக்கிறது.

2020 அக்டோபரில் குன்னம் பக்கம் குளம் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. மண்டிக்காரர், “அடை வைச்சா பொரியுமா மாப்ள?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முட்டை கிலோ என்ன விலைக்குப் போகும் என்பது வரை அவர் மனசு போய்விட்டது. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள் அவை என்றார்கள். சுருண்ட ஓட்டோடு கடலில் நீந்தியது, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று நான் எடுத்துச் சொன்னேன். “கணவாய்க்குச் சொந்தம்னா பரவாயில்லை, வறுக்கலாம்” என்று வாத்தியார் அந்தக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

மழை விஷயத்தில் எங்கள் நால்வருக்கும் நான்கு வானிலை நிலையம். வாத்தியார் செல்போனில் காற்று சுழல்வதை வண்ண வண்ணமாகக் காட்டுவார். மண்டிக்காரர் வயலோரப் பட்டறையில் சின்ன வெங்காயம் வேர்த்திருக்கிறதா என்று மூக்கால் பார்த்துச் சொல்வார். ஏஜென்டுக்கு இடது முழங்கால். நான் பச்சைமலைப் பக்கம் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு, காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பிப்பேன். அதற்குள் மழை அரியலூரில் பெய்து முடிந்திருக்கும். மறுநாள் காலை அந்த மாவட்டக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார். எங்கள் கலெக்டர் விடமாட்டார். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் மகன் என்னை ஒரு பார்வை பார்த்து, “அம்மா ஊர்லயே இருந்திருக்கலாம்” என்பான். உள்ளேயிருந்து அம்மா, “எங்க மாவட்டத்துல ரயிலும் நிக்குதுடா” என்று சேர்த்துக்கொள்வாள். பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாது. சென்னைச் சொந்தங்கள் பல்லவனிலோ வைகையிலோ வந்தால், முப்பது கிலோமீட்டர் போய் அரியலூர் ஸ்டேஷனில் காத்து நிற்பது என் உத்தியோகம். சீர்வரிசைத் தட்டு விஷயத்திலும் இதே கதைதான். அவள் பக்கம் முந்திரி, என் பக்கம் சின்ன வெங்காயம். “பாயசத்துக்கு நாங்க, கண்ணீருக்கு நீங்க” என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். எங்கள் குடும்ப வழக்கப்படி முதல் பத்திரிகையைச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் காலடியில் வைக்கப் போனபோதும் அப்படித்தான். திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்றதும், “அம்மனுக்கே வாரத்துல ரெண்டு நாள்தான் டூட்டி” என்று என்னைப் பார்த்தாள்.

போன பங்குனியில் சித்தி ஒரு வேலை வைத்தாள். சித்தி மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது, சென்னையில் நல்ல வேலை, பெண் அமையவில்லை. தரகர்கள் கைவிரித்துவிட்டார்கள். “தம்பியைத் திருமழபாடிக்குக் கூட்டிட்டுப் போய்யா” என்றாள். பங்குனிப் புனர்பூசத்தன்று அங்கே நந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நந்தி திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரோடு கொள்ளிடம் தாண்டி வருவார், பெண் சுயசாம்பிகை. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது ஊர்ப் பேச்சு. கல்யாணமாகாத பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள்.

அன்று கூட்டம் நெரிந்தது. பட்டுக் கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் நந்தியெம்பெருமான். கோட்டு சூட்டு இல்லை என்பதைக் கவனித்தேன். தம்பி எக்கி நின்று செல்போனில் படம் எடுத்தான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் எக்கி நின்று படம் எடுத்தது. இரண்டு பேரும் நந்தியைத்தான் எடுத்தார்கள். நான் எவ்வளவோ இருமிப் பார்த்தும் திரும்பவில்லை. “அண்ணா, நீங்க இதைப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டான். வாலிபத்தில் அம்மா கூட்டிவந்து காட்டியதையும், அடுத்த தை மாதமே எனக்குப் பெண் அமைந்ததையும் பெருமையாகச் சொன்னேன். அவன் ஏனோ கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லி, எனக்கு முந்திக் கல்யாணமானதற்கு நந்திதான் சாட்சி என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

“நீங்க பார்த்தீங்க, சரி. நான் பார்க்கவே இல்லையே, எனக்கு ஏன் முந்துச்சு?”

எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. பேச்சை மாற்ற, உண்டியலில் காணிக்கை போட்டதைச் சொன்னேன்.

“எவ்வளவு?”

“நூறு.”

“நூறா, நூத்தி ஒண்ணா?”

நான் பேசவில்லை. கீரைத் தண்டை முறத்தில் ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்தாள்.

“சித்தி, தம்பி விஷயம் இந்த வருசம் கொஞ்சம் இழுக்கும் போலருக்கு. உங்க மகன்கிட்ட ஒத்த ரூவாய் இல்லையாம்.”